நடுவில் எழுந்து போக முடியுமா? கடற்கரைக் கிராமத்தில் வீட்டோடு மண்பாண்டப் பட்டறை தொடங்குவோருக்கு

சக்கரத்தின் மேல் பானை பாதி எழும்பியிருக்கிறது. கை முழுக்க மண். அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து போன் வருகிறது: மகனுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள். வீட்டோடு பட்டறை வைக்க நினைக்கும் எவருக்கும் இந்த நிலைமை முதல் மாதத்திலேயே வந்துவிடும். எந்தச் சக்கரம் வாங்கலாம், சூளையை எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. செய்கிற வேலையை நடுவில் விட்டு எழுந்து போக முடியுமா? முடியுமென்றால் எவ்வளவு நேரத்துக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். கணவர் மண்டபத்திலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மண்பாண்டத்தைக் குலத்தொழிலாகச் செய்யும் வேளார் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை நான். திருமணத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் உதவியாளராக இருந்து கற்றேன். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதியில் வேர்பிடித்த தொழில்முறை அது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மண்ணைப் பற்றி எல்லாம் சொன்னார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது மண்ணை என்ன செய்வது என்பதை இங்கே வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்துக்கு முன் ஒரு நோட்டு

இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு நோட்டில், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யார் எப்போது எதற்காக உங்களை அழைத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். தண்ணீர் வண்டி, பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை, வாசலில் மீன் கூடை, ரேஷன் கடை என ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். பிறகு, யாரும் அழைக்காத நீண்ட இடைவெளி எது என்று தேடுங்கள்.

எனக்குக் கிடைத்தது காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. அதுவும் தண்ணீர் வண்டி வராத நாளில். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். புதுச்சேரியில் நாளுக்கு எட்டு மணி நேரம் சக்கரத்தின் முன் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கணக்கு அழுகையை வரவழைத்தது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்குகிற வேலையை மட்டுமே திட்டமிட ஆரம்பித்த பிறகுதான் என் சூளை தவறாமல் எரியத் தொடங்கியது.

வீட்டில் இருப்பவர்களின் உறக்கத்தையும் அதே நோட்டில் குறியுங்கள். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கடல். கணவர் போன மறுநாள் காலை திரும்பி, பகலெல்லாம் தூங்குவார். அன்று பானை தட்ட முடியாது. தட்டுப்பலகைச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அந்த நாட்களை மண் சலிக்கவும் காவி பூசவும் அகல் கிள்ளவும் ஒதுக்கிவிட்டேன்.

விடக்கூடிய வேலை, விடக்கூடாத வேலை

மண்ணை ஊறவைப்பது, சலிப்பது, பிசைவது, கையால் கிள்ளி அகல் செய்வது, மண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொட்டி எழுப்புவது, இவையெல்லாம் எந்த நொடியிலும் விட்டு எழக்கூடியவை. ஈரத் துணியைப் போர்த்திவிட்டுப் போனால் மண் காத்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டில் பெரும்பாலும் இந்த வகைப் பொருட்களையே செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தில் வனைந்தால்தான் மண்பாண்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. திரி அடுக்கி எழுப்பிய ஒரு செடித் தொட்டியை நான் நான்கு நாட்களில், பதினைந்து முறை எழுந்துபோய் முடித்திருக்கிறேன். விரிசல் இல்லாமல் வந்தது.

வனைவது அடுத்த வகை. கை பழகியவருக்கு ஒரு கிண்ணம் பத்து நிமிடத்துக்குள் முடியும். புதியவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். இதற்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஓர் உருண்டை. அவசர அழைப்பு வந்தால் நூலால் அறுத்து உருண்டையை மண் குவியலில் திரும்பப் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். மண் எங்கும் போகவில்லை, பத்து நிமிடம்தான் போனது. முதல் ஆண்டில் பாதிப் பானையைக் காப்பாற்றப் பார்த்து, வாசலில் நின்று அழைத்த மகளைக் கடிந்துகொண்டேன். அவள் அதன்பிறகு பல நாள் பட்டறை வாசலுக்கே வரவில்லை. எத்தனை பானை உடைந்தாலும் அந்த இழப்புக்கு ஈடாகாது.

மூன்றாவது, விடவே முடியாதவை. அடி சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, சூளை. பானையின் அடியைச் சீவ, அது விரலால் அழுத்தினால் அமுங்காத, நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு வனைந்த கிண்ணம் பகல் ஒரு மணிக்கு அந்தப் பதத்துக்கு வரும். நான்கு மணிக்கு அதைத் தாண்டிவிடும். அந்த மூன்று மணி நேரம் நீங்கள் மருத்துவமனையில் வரிசையில் நின்றால் கிண்ணம் போயிற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது இன்னும் மோசம்: விளிம்பு அரை மணியில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, நடுவே பிளக்கும்.

இந்த மூன்றாவது வகையில் முதல் இரண்டு வேலைகளை, அதாவது சீவுவதையும் ஒட்டுவதையும், விடக்கூடிய வேலையாக மாற்றிவிட முடியும். அதற்கு வேண்டியது நம் கடற்கரையில் எங்கும் கிடக்கிறது.

மீன் பெட்டி

மீனைப் பனிக்கட்டி போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. மூடி உடையாத பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவிடுங்கள்; உப்பு தங்கக்கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து, பெட்டியின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி இறுகவிடுங்கள். இறுகிய பின் அதன்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சும். மேலும் ஊற்றுங்கள். இனி உறிஞ்சாது என்ற நிலையில், தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் பெட்டி தயார்.

வனைந்த பொருள் சற்றே இறுகியதும் இதற்குள் வைத்து மூடுங்கள். அடியில் இருக்கும் ஈரம் மெதுவாக வெளியேறி, உள்ளே காற்றை ஈரமாகவே வைத்திருக்கும். திங்கட்கிழமை வனைந்த கிண்ணத்தை அடுத்த திங்கட்கிழமை சீவலாம். மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது பன்னிரண்டு நாள் நான் பட்டறைக்குள் கால்வைக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த இருபது கோப்பைகளும் அப்படியே இருந்தன. இரண்டில் பூஞ்சை படர்ந்திருந்தது, துடைத்ததும் போயிற்று. கோப்பையையும் கைப்பிடியையும் ஓர் இரவு ஒன்றாக இதற்குள் வைத்து எடுத்தால் இரண்டின் ஈரமும் சமமாகிவிடும்; ஒட்டியபின் கைப்பிடி பிரிந்து வருவது பெருமளவு குறையும்.

பழுதான குளிர்பதனப் பெட்டியையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டுள்ள பழைய குளிர்பதனப் பெட்டி உயிராபத்து. கதவைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளைத் திரையாகத் தொங்கவிடுங்கள்.

மண், தண்ணீர், சிப்பி

இந்தக் கடற்கரை மண்பாண்டத்துக்குப் புதியதில்லை. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே, அழகன்குளம் அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும், சக்கரத்தில் வனைந்து உள்ளே கோலமிட்ட ரௌலட்டட் ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அழகன்குளம் ஓட்டின் படத்தை என் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் கடலை ஒட்டிய மண்ணில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று உப்பு. மண் காயும்போது உள்ளிருக்கும் உப்பு நீரோடு சேர்ந்து மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியானபின் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சுட்ட பிறகும் அந்தக் கறை போகாது. மற்றொன்று சிப்பி. மண்ணில் கலந்த சிப்பித் துண்டும் பவளத் துண்டும் சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஊதிப் பெருத்து, பானையின் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். இது சூளையிலிருந்து எடுத்த அன்று தெரியாது. நான் முதல் ஆண்டில் விற்ற தட்டுகள் பல, இரண்டு வாரம் கழித்து வெள்ளைக் கண்களோடு திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கண்மாய் மண்ணைத் தேடுங்கள். ஒரு பிடி மண்ணின்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, விட்டுவிடுங்கள். பிடித்துப்போன மண்ணைக் கூழாகக் கரைத்து நைலான் வலையில் சலியுங்கள். கொசுவலையைவிட நெருக்கமான கண் வேண்டும். மண்ணுக்கு உறுதி சேர்க்கக் கடல் மணலைக் கலக்காதீர்கள், அதில் உப்பும் உண்டு, சிப்பியும் உண்டு. சுட்டு உடைந்த ஓடுகளை இடித்துச் சலித்த தூளைக் கலப்பது நல்லது.

கண்மாயில் மண் எடுக்க அனுமதி தேவை. மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கும் முறை 2024-இல் வந்திருக்கிறது. முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். கண்மாய் வற்றியிருக்கும் கோடையில் எடுக்க வேண்டும் என்பதால், மாசியிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்தான் வீட்டோடு சண்டை வரக்கூடிய இடம். குடிதண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊர்களில், நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறாளே என்று மாமியார் வருந்துவது முழுக்க நியாயம். ஆழ்துளைக் கிணற்று உவர்நீரை ஊற்றினால் உப்புப் பூக்கும். என் வழி இது: மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்கிறேன். அந்த ஆண்டுக்கு வேண்டிய மண்ணில் பெரும்பகுதியை ஊருணி நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் கரைத்துச் சலித்து மூடி வைக்கிறேன். கரைத்த மண் அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். உப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். மண் ஆறு மாதம் புளித்துக் கிடந்தால் கைக்கு இன்னும் நன்றாக வளையும். வீட்டுக் குடத்தை நான் தொடுவதில்லை என்று தெரிந்தபின் எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பேச்சு எழவில்லை.

அறையும் தூசியும்

பட்டறை, வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாசல் தனியாக இருக்க வேண்டும். காய்ந்த களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அது பல ஆண்டுகள் நுரையீரலில் சேர்ந்தால் திரும்பிச் சரிசெய்ய முடியாத நோய் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை இரு மடங்கு கவனிக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பட்டறைக்கென்று ஒரு சேலை அல்லது மேலங்கி, ஒரு ஜோடி செருப்பு. குழந்தையைத் தூக்குமுன் மேலங்கி வெளியே கழற்றப்பட வேண்டும். உலர்ந்த தூளைக் கலக்கும்போது என்-95 முகக்கவசம் போடுங்கள்.

கண்ணாடிபோல் மின்னும் கிளேஸ் பூச்சு செய்ய ஆசைப்படுகிறவர்கள், பிள்ளைகள் வளரும்வரை காத்திருப்பது நல்லது. ஈயம் கலந்ததைத் தொடவே வேண்டாம். பேரியம், மாங்கனீசு, தாமிரப் பொடிகளைப் பூட்டிய பெட்டியில் உயரத்தில் வையுங்கள். நான் ஏழு ஆண்டுகள் வெறும் செங்காவியும், வழவழப்பான கல்லால் தேய்த்த மெருகும் மட்டுமே செய்தேன். வாங்கியவர்கள் குறை சொல்லவில்லை.

சூளை நாள்

இதை மட்டும் விட்டு எழ முடியாது. எனவே இது வீட்டாரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய தேதி. என் வீட்டில் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம். பரீட்சை நாள் கூடாது. அமாவாசை கூடாது: ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரைக்கோ தேவிபட்டினத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ வரும் உறவினர்கள் நம் வீட்டில்தான் இறங்குவார்கள். விசேஷத்துக்கு முந்தைய மூன்று நாட்கள் கூடாது.

அந்த மூன்று நாள் விதிக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறேன். சாயல்குடிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. முந்தைய நாள் சூளை எரித்தேன். விடியற்காலை வண்டி வந்து நிற்கிறது. சூளை இன்னும் சுடுகிறது. நூற்று நாற்பது தட்டுகளுக்கு ஆள் காத்திருந்ததால், இரண்டை எடுத்துக் காட்டிவிடலாம் என்று சூளையின் வாயைத் திறந்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனதும் டிங், டிங் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. அறுபது தட்டுகள். சூடான ஓட்டில் திடீரென்று குளிர்காற்று பட்டால் அது நொறுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கை வைத்துப் பொறுக்க முடிகிற சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். அது ஒரு முழு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும்.

எரிக்கும் முறை சுருக்கமாக: முதல் சில மணி நேரம் மிகச் சிறிய தீ. சூளையின் மேல்துளையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஆவி படிந்தால் மண்ணில் இன்னும் நீர் இருக்கிறது, தீயை ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி பானையை வெடிக்கவைக்கும். கண்ணாடி தெளிந்த பிறகு மெல்ல ஏற்றுங்கள். 573 டிகிரி செல்சியஸ் அருகே மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிதானமாகக் கடக்க வேண்டும். செம்மண் பாண்டத்துக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு போதும்; உள்ளே எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். விறகுக்கு நம் பக்கம் சீமைக்கருவேலம் இருக்கிறது, நின்று எரியும். கடைசியில் நீண்ட தழல் வேண்டுமென்றால் காய்ந்த பனை மட்டை. கருவேல முள் கிடக்கும் இடத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு வராதபடி பாருங்கள். ஓலைக் கொட்டகை பக்கத்தில் இருக்கவே கூடாது.

சூளை நாளுக்கு முந்தைய இரவே இரண்டு வேளைக்குக் குழம்பு வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் போனுக்கும் அன்று வேறொருவர் பொறுப்பு. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது கருவாடு காயப்போட்டிருக்கிறார்களா, மூச்சுத்திணறல் உள்ள பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டு, காற்றின் திசை பார்த்துத் தீ மூட்டுங்கள். காற்றைப் பார்க்க எங்கள் வீட்டில் கணவர் இருக்கிறார். கச்சான் எப்போது ஏறும், எப்போது அடங்கும் என்று அவர் சொன்னது தப்பியதில்லை.

ஆண்டைப் பிரித்துக்கொள்வது

இங்கே விளக்கு விற்கும் காலமும் விளக்கு காயும் காலமும் ஒன்றாக வருவதில்லை. கார்த்திகைத் தீபம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வாடைக் காற்றும் ஈரமும். கிண்ணம் பத்து நாளானாலும் காயாது, விறகு நனைந்திருக்கும். ஐப்பசியில் அகல் ஆர்டர் வாங்கி ஐப்பசியில் செய்கிறவர் அந்த மாதம் முழுக்கத் தூங்க மாட்டார், வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். கார்த்திகை அகல் ஆவணிக்குள் சுட்டு, எண்ணி, பெட்டியில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குச் சிறந்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள். வீட்டில் கடல் வருமானம் நின்றுவிடும். அது கடினமான காலம்தான், மறைக்கவில்லை. ஆனால் கணவர் கரையில் இருக்கிறார், தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், வெயில் கொளுத்துகிறது. ஆண்டின் பெரிய சூளைகளை அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். விறகு பிளப்பது, சூளை அடுக்குவது, இரவு விழித்திருந்து தீ பார்ப்பது எல்லாம் அவர் கையில். கடலில் இரவு விழித்துப் பழகியவருக்குச் சூளைக்கு விழிப்பது இயல்பாக வந்தது. படகுக்குப் போகாத குடும்பமாக இருந்தால் உங்கள் வீட்டில் கை கூடும் காலம் எது என்று தேடுங்கள்; வெளியூரில் இருக்கும் தம்பி விடுப்பில் வரும் மாதமாகக்கூட இருக்கலாம்.

ஆடியில் திறந்தவெளிச் சூளை வேண்டாம். மழை மாதங்களில் கையால் செய்கிற, காத்திருக்கக்கூடிய வேலை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உயர அலமாரியில் இருப்பதை எல்லாம் தரைக்கு இறக்குங்கள்.

வீட்டு மனிதர்கள்

வேளார் வீடுகளில் மண்பாண்டம் எப்போதும் குடும்பத் தொழில். மண் மிதிப்பது, தட்டுவது, காயவைத்துத் திருப்புவது, காவி பூசுவது எல்லாவற்றிலும் பெண்களின் கை உண்டு. பல ஊர்களில் சக்கரத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் மட்டும் இல்லை. பெயர் சக்கரத்துக்குப் போனது, உழைப்பு வீடு முழுக்கப் பரவியிருந்தது. புதிதாக வருகிற நாம் இதைக் கண் திறந்து பார்க்க வேண்டும். மாமியார் அகல்களைத் தட்டி, சத்தம் கேட்டு விரிசல் விட்டதை ஒதுக்கித் தருகிறார். அவர் காது என்னுடையதைவிடக் கூர்மை. ஒவ்வொரு சூளைக்கும் அவருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறேன். முதல்முறை கொடுத்தபோது, வீட்டுக்குள் எதற்குக் கூலி என்றார். இப்போது சூளை எப்போது என்று அவரே கேட்கிறார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மண் உருண்டையும், அவர்களே பெயர் எழுதிய ஒரு தட்டும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் செய்ததைச் சூளையில் கட்டாயம் வையுங்கள். சூளைக்கு அருகிலும் பொடிகளுக்கு அருகிலும் வரக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தாதீர்கள்.

அக்கம்பக்கத்து வேளார் குடும்பத்திடம் மரியாதையோடு போங்கள். கற்றுக்கொள்ளக் கேளுங்கள், பிசைந்த மண்ணை அவர்களிடமே விலைக்குக் கேட்டால் உங்கள் இரண்டு நாள் மிச்சம். கோயில் புரவி, முளைப்பாரி ஓடு, பொங்கல் பானை, பதநீர்க் கலயம் ஆகியவை அவர்கள் வயிற்றுப்பாடு. அவற்றை நான் செய்வதில்லை, விலை குறைத்து அவர்களோடு போட்டியிடுவதும் இல்லை. மானாமதுரை தொலைவில் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ஒரு நாள் போய், ஒரு குடும்பம் எப்படித் தன் வாசலையே பட்டறையாக வைத்திருக்கிறது என்று பார்த்து வாருங்கள்.

ஆர்டரும் பணமும்

ஒப்புக்கொள்ளும் தேதியை இப்படிக் கணக்கிடுங்கள்: வேலை நாள், காயும் நாள், சூளைக்கும் ஆறவும் ஐந்து நாள், அதன்மேல் வீட்டுக்காக ஒரு வாரம். அந்தக் கடைசி வாரத்தைக் கூட்டாமல் நான் கொடுத்த வாக்கு எதுவும் நிம்மதியாக நிறைவேறியதில்லை. நூறு கேட்டால் நூற்றிருபது செய்யுங்கள். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்கள் ரயிலில் தூக்கிப் போகக்கூடிய சிறிய பொருளைத்தான் வாங்குவார்கள். பெரிய தொட்டிகள் தங்கும் விடுதிகளுக்கு.

விற்ற பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். எவ்வளவு வந்தது, விறகுக்கும் வண்டிக்கும் எவ்வளவு போனது என்று மாதம் ஒருமுறை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், கொஞ்சம் கடைக்குப் போய்விட்டு வா என்ற குரல் அதன்பிறகு எங்கள் வீட்டில் குறைந்தது. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மழைக்கால உதவித்தொகை உண்டு. கடனுக்கும் மானியத்துக்கும் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வட்டிக்கு வாங்கிச் சக்கரம் வாங்க வேண்டாம்.

முதல் மாதம்

முதல் இரண்டு வாரம் நோட்டு. அதே நாட்களில் மூன்று கண்மாய்களிலிருந்து ஒவ்வொரு பை மண், வினிகர் சோதனை, சலிப்பு. மீன் பெட்டியைத் தயார் செய்யுங்கள். மூன்றாம் வாரம் ஒவ்வொரு மண்ணிலும் ஆறு அகல், ஒரு தட்டையான நீள மண் துண்டு. துண்டின்மேல் ஈரத்தில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோடு கீறுங்கள். காய்ந்தபின் ஒருமுறை, சுட்டபின் ஒருமுறை அளந்தால் அந்த மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரியும். பெயர் எழுதி, பக்கத்து வேளார் வீட்டுச் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்குங்கள்.

சுட்ட அகல்களைச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு வாரம். எதிலாவது வெள்ளைப் புள்ளி பொத்துக்கொண்டு வந்தால் அந்த மண்ணைத் தள்ளிவிடுங்கள். எதுவும் வராத மண் எது என்று தெரிந்த பிறகு, நோட்டில் இருக்கும் நீண்ட இடைவெளியையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, சக்கரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.